வெள்ளிக்கிழமை சேர வந்தவள்

ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வங்கிக்குப் போய் நிரூபித்துவிட்டு வர வேண்டும். இயந்திரத்தில் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். அப்புறம் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. மாதக் கடைசியில் ஓய்வூதியம் வந்து விழும். விலைவாசி ஏறினால் கூடவே அதுவும் கொஞ்சம் ஏறும். நான் போய்ச் சேர்ந்தாலும் என் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு வந்துகொண்டிருக்கும்.

அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்குக் குறை சொல்ல ஏதாவது கிடைத்துவிடும். நாற்காலி போதவில்லை, விரல் ரேகை பதியவில்லை, பாக்கித் தொகை வரவில்லை. போன வருஷம் வரை அதில் என் குரல்தான் உரக்கக் கேட்கும். இந்த நவம்பரில் வாயைத் திறக்கவில்லை. இதே ஊரில் நீலசந்திராவில் ஒருத்தி இருக்கிறாள். பதினாலு வருஷம் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அவள் நிரூபிக்க வேண்டியது தான் உயிரோடு இருப்பதை அல்ல, ஒரு வெள்ளிக்கிழமை தான் வேலைக்கு வந்ததை. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி நான்தான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் எங்களுடையது. சாயங்காலம் வேதம் வாசித்து ஜெபம் செய்துவிட்டுத்தான் சாப்பாடு. கோப்பெல்லாம் கன்னடத்திலேயே நடக்கிற மாநில அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். அதில் பெரும்பகுதி பணியாளர் பிரிவில் கோப்புகளைக் கவனிக்கிற கேஸ் ஒர்க்கர். யார் சேர்ந்தார்கள், யாருக்கு லீவு, யாருக்கு ஊதிய உயர்வு, யார் எப்போது ஓய்வு பெறுகிறார்கள் என்பதெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். தணிக்கைக்கு வந்தவர்கள் என் கோப்பில் ஒரு குறை கண்டுபிடித்ததில்லை. விதி தெரியாத அதிகாரிகள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ராகுகாலத்தில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாற்றலாகி வரும் பெரிய அதிகாரிகூட வராந்தா நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து, நேரம் கழிந்த பிறகே உள்ளே வந்து கையெழுத்துப் போடுவார். இதனால், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கு ஏழு நாள் ராகுகாலமும் மனப்பாடம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அதை வைத்து மேஜைக்கு வருகிறவர்களை அனுப்பவும் நிறுத்தவும் முடியும் என்பது நன்றாகத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மார்ச் மாதத்தின் கடைசி நாள். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்றைக்குள் பில்கள் கருவூலத்துக்குப் போகாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். என் மேஜையில் பில் கட்டுகள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பத்தே முக்கால் மணி இருக்கும். எதிரில் ஒருத்தி வந்து நின்றாள். நாற்பதை ஒட்டிய வயது, வெளுத்த நீலப் புடவை, கையில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கவர். இடுப்பை ஒட்டி ஒரு சின்னப் பெண் குழந்தை.

அவளுடைய புருஷன் எங்கள் அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் அவளுக்கு அட்டெண்டர் வேலை கொடுத்து ஆணை போட்டிருந்தார்கள். அந்த ஆணையை டைப் அடிக்கக் கொடுத்து, சரிபார்த்து, தபாலில் அனுப்பியதே நான்தான்.

ஜாயின் பண்ண வந்துக்கிறேன் மேடம் என்று கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். வாசலில் மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிய பணியேற்பு அறிக்கை, அன்றைய தேதி போட்டது. நான் செய்ய வேண்டியிருந்தது மூன்று காரியம். அதில் ஒரு சீல் அடித்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, அதிகாரி அறைக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்குப் பின்னால் பணிப் பதிவேடு திறக்க வேண்டும், விரல் ரேகை எடுக்க வேண்டும், மருத்துவச் சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக என் தலைக்குள் ஓடியது. எரிச்சல் வந்தது.

சுவரில் நாள்காட்டி தொங்கியது, தினம் ஒரு தாள் கிழிக்கும் வகை. எல்லாம் கன்னடம். அவள் கன்னடம் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் திரும்பி அதைப் பார்ப்பது போலப் பார்த்தேன். ராகுகாலம் என்றேன். அப்படின்னா பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கிறேனே என்றாள். அதுல இன்னா மேடம் போட்டுக்குது என்று அவளும் நாள்காட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு நாளே நல்லா இல்லம்மா. உன் புருஷன் இருந்த வேலை, குழந்தையை வேற வச்சிருக்க. திங்கக்கிழமை காலையில வந்து சேரு. அது நல்ல நாள்."

நாள்காட்டியில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. எல்லா நாளையும் போல அதுவும் ஒரு நாள், அவ்வளவுதான். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். குழந்தையின் கையையும் பிடித்துக் கும்பிட வைத்தாள். எனக்காக இவ்வளவு பார்த்துச் சொல்றீங்களே என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுத்த பில்லை எடுத்தேன்.

இரண்டு மணிக்குள் பில்கள் எல்லாம் கருவூலத்துக்குப் போய்விட்டன. வருஷக் கடைசி முடிந்த சந்தோஷத்தில் பிரிவில் எல்லாரும் காசு போட்டு சிவாஜிநகரிலிருந்து பிரியாணி வரவழைத்தோம். ஐந்தரை வரை கதை பேசிக்கொண்டிருந்தோம். பிற்பகலில் சேர்ந்தாலும் அது அதே தேதியில் சேர்ந்ததாகத்தான் கணக்கு. இந்த விதியை எத்தனையோ பேருக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அவள் வந்து சேர்ந்தாள். நடுவில் போனது சனியும் ஞாயிறும் மட்டும். ஆனால் அந்த இடைவெளியில் மாதம் மாறிவிட்டது. அந்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலையில் சேருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, புதிய திட்டம்தான் என்று அரசு ஆணை வந்திருந்தது. புதிய திட்டத்தில் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கு பிடிப்பார்கள், அரசும் ஒரு பங்கு போடும், அது சந்தையில் ஏறி இறங்கிக் கடைசியில் எவ்வளவு நிற்கிறதோ அதற்கேற்றதுதான் வரும். இத்தனை என்று உறுதி கிடையாது. அந்த ஆணையை வாங்கி, கையெழுத்திட்டு, கோப்பில் நூல் போட்டுக் கட்டி வைத்ததும் நான்தான்.

வெள்ளிக்கிழமை அவளைத் திருப்பி அனுப்பியபோது அந்த ஆணை எனக்கு ஞாபகம் வந்ததா? பல வருஷமாக இந்தக் கேள்வியை எனக்குள்ளேயே கேட்டுப் பார்க்கிறேன். வந்தது என்று சொல்ல முடியவில்லை. வரவில்லை என்று வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்லவும் தைரியமில்லை. அவளுடைய முதல் சம்பளப் பில்லில் பிடித்தம் போட்டபோது கட்டாயம் ஞாபகம் வந்தது. பேனா நின்றுவிட்டது. அன்றைக்கே அதிகாரியிடம் போய், தப்பு என்னுடையது, அவள் முன்பே வந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும். சொல்லவில்லை. பில்லில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அப்புறம்தான் கேசரி ஆரம்பித்தது. ஒவ்வொரு வருஷமும் தான் சேர்ந்த தேதியன்று அவள் எவர்சில்வர் டப்பாவில் கேசரி செய்து கொண்டுவருவாள். மேடம் நல்ல நாள் பார்த்துச் சேர்த்துவிட்டார்கள், அதனால்தான் ஒரு குறையும் இல்லாமல் வண்டி ஓடுகிறது என்று பிரிவில் எல்லாரிடமும் சொல்வாள். முதல் கரண்டி எனக்கு. முந்திரி பொறுக்கி வைத்து எனக்கென்று போடுவாள். நான் சாப்பிட்டேன். முதல் இரண்டு வருஷம் தொண்டையில் அடைத்தது. மூன்றாவது வருஷத்திலிருந்து அடைக்கவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

புதிய திட்டத்தில் சேர்ந்த இளம் பிள்ளைகள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பழைய ஓய்வூதியம் கேட்டு ஊர்வலம் போன காலமும் வந்தது. அவர்கள் என் மேஜையருகே நின்று வாதாடுவார்கள். ஒரே நாற்காலி, ஒரே வேலை, ஒரே அதிகாரியிடம் திட்டு வாங்குகிறோம், கடைசியில் ஒருவருக்குச் சோறு, ஒருவருக்குக் கஞ்சியா என்பார்கள். நான் விடமாட்டேன். சேரும்போது தெரிந்துதானே சேர்ந்தீர்கள், எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்பேன். கோடு போட்டால் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் நிற்கத்தான் செய்வார் என்று ஒருநாள் சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரித்தேன். அப்போது அவள் எங்களுக்கு டீ வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து அவளும் ஓய்வு பெற்றாள். அவளுக்கு மாதம் வருகிற தொகையை எழுதக் கை கூசுகிறது. என் வீட்டில் பாலுக்கும் சமையல் கேஸுக்கும் கரண்டுக்கும் ஆகிற செலவுக்கு அது காணாது. வீட்டு வாடகைக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அறுபது வயதில் குனிந்து பெருக்குகிறாள். நான் ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் மார்க்கெட்டில் நல்ல கறியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்புகிறவள்.

போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் அலுவலகத் தமிழில் சுத்தோலை. நியமன ஆணை புதிய திட்டம் தொடங்கிய தேதிக்கு முன்பே கிடைத்திருந்தும், தங்கள் குற்றமில்லாத காரணத்தால் பின்னால் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியம் கேட்டு மனுச் செய்யலாம், காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. பெண்களுக்கு இலவசமான பஸ்ஸில் ஏறி சிவாஜிநகரில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் நடந்தே அவள் என் வீட்டுக்கு வந்தாள். அதே மஞ்சள் கவர். அலுவலகக் கன்னடத்தில் மேடம் மாதிரி யாரும் எழுத முடியாது, நீங்களே மனு எழுதிக் கொடுங்கள் என்றாள்.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையே வந்தேன், நாள் சரியில்லை என்று மேடம் சொன்னதால் திங்கட்கிழமை சேர்ந்தேன், அதையே எழுதுங்கள் என்றாள். அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

பஞ்சாங்கத்தையெல்லாம் சர்க்கார் ஒத்துக்கொள்ளாது, நான் பொதுவாக எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். மேற்படி மனுதாரர் சொந்தக் காரணங்களால் மூன்று நாள் தாமதமாகப் பணியில் சேர நேர்ந்தது என்று முத்து முத்தாக எழுதினேன். சொந்தக் காரணம் என்ற இரண்டு வார்த்தை அந்த மனுவைக் கொன்றுவிடும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இரண்டு வார்த்தையைக் காட்டி எத்தனையோ பேருடைய மனுக்களைத் தள்ளுபடி செய்யக் குறிப்பு எழுதியவள் நான்.

அலுவலகம் திருப்பி அனுப்பியது என்று எழுதினால், யார் அனுப்பியது என்று கேட்பார்கள். என் ஓய்வூதியத்துக்கு ஏதாவது ஆபத்து வருமோ என்று பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். இத்தனை பழைய விஷயத்துக்கு ஓய்வு பெற்றவர் மேல் விசாரணை வைக்க முடியாது. அந்த விதியும் எனக்கு அத்துப்படி. நான் காப்பாற்றப் பார்த்தது பணத்தை அல்ல, என் பெயரை. அந்த மேடம் விதி தெரிந்தவர், அவர் கோப்பில் குறையே இருக்காது என்று இன்னும் அங்கே பேசிக்கொள்வார்களே, அந்தப் பேச்சை. அதற்காக ஒருத்தியின் கஞ்சியில் கை வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். பதில் வந்திருந்தது, கன்னடத்தில் ஒரே பக்கம். படித்துச் சொல்லுங்கள் மேடம் என்று நீட்டினாள். சொந்தக் காரணங்களால் தாமதித்ததாக மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால் மனு ஏற்கத்தக்கதல்ல. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். நான் பாதியை விழுங்கிவிட்டு, ஏதோ ஆவணம் போதவில்லை என்கிறார்கள் என்றேன். அந்த வயதிலும், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு பொய்.

அவள் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"பொண்ணு படிச்சிச்சு மேடம். கன்னட ஸ்கூல்லதானே படிச்சிது. நீங்க மொதல்ல எழுதிக் குடுத்ததயும் அன்னிக்கே படிச்சிச்சு. இன்னாம்மா சொந்தக் காரணம்னு எழுதிக்கிறாங்கன்னு கேட்டுச்சு. மேடம் எழுதனா ஒரு அர்த்தத்தோடதான் எழுதுவாங்கன்னு நான்தான் அதட்டி, குடுத்துட்டு வந்தேன்."

அன்று அவள் இடுப்பை ஒட்டி நின்று என்னைக் கும்பிட்ட குழந்தை இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடுகிற பெண். அவள் என் எழுத்தைப் படித்திருக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே காணாமல் போய்விடலாம் போல இருந்தது.

அவள் கேட்காமலே சொல்லிவிட்டேன். எங்கே ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. நாள்காட்டியில் எதுவும் இல்லை, அது நல்ல நாள்தான், எனக்கு வேலை அதிகம் என்று உன்னை விரட்டினேன், அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உன்னைத் தள்ளியது நான்தான், முதல் சம்பளத்திலேயே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகை வந்தது. அழுது அவளிடம் ஆறுதல் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மஞ்சள் கவரைத் திறந்து அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மடிப்பில் கிழிந்து போயிருந்தது. வெள்ளிக்கிழமைத் தேதி போட்ட அந்தப் பணியேற்பு அறிக்கை. சீல் இல்லாதது. காசு கொடுத்து எழுதியது என்பதால் எறிய மனசு வரவில்லையாம்.

"அன்னிக்கு நான் ஒடனே வூட்டுக்குப் போவல மேடம். எதுக்கும் ராகுகாலம் முடியட்டும், இன்னொருவாட்டி கேட்டுப் பாக்கலாம்னு கீழ மரத்தாண்ட கொழந்தய வச்சிக்கினு நின்னேன். பன்னெண்டு அடிச்சப்புறம் மேல வந்தேன். நீங்க தலையப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தீங்க. பாவம், இன்னும் சாப்புடக்கூட இல்லபோலன்னு திரும்பிப் போய்ட்டேன்."

அவள் பாவம் என்று சொன்னது என்னை.

அவள் போன பிறகு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக் கொடு என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்து எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை முற்பகலிலேயே நியமன ஆணையோடும் அறிக்கையோடும் மனுதாரர் என் மேஜைக்கு வந்தார். அவரை ஏற்காமல், பொய்யான காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியவள் அப்போது பணியாளர் பிரிவில் கேஸ் ஒர்க்கராக இருந்த நான். பன்னிரண்டு மணிக்கு அவர் மறுபடியும் வந்தார். முந்தைய மனுவில் சொந்தக் காரணம் என்று எழுதியதும் நானே, அது அவர் சொன்ன காரணம் அல்ல. கீழே என் பெயர், பழைய பதவி, ஓய்வூதிய எண். என் கையெழுத்து இவ்வளவு அசிங்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவளை வரச் சொன்னேன். மேல்முறையீட்டையும் என் வாக்குமூலத்தையும் தயாராக வைத்திருந்தேன். இந்த முறை மகளும் கூட வந்தாள். பிஸ்கட் வைத்தேன், இரண்டு பேரும் தொடவில்லை. நான் மேல்முறையீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தமிழில் படித்துச் சொல்கிறேன், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு என்றேன். முன்பெல்லாம் நான் காகிதத்தை நீட்டுவதற்குள் பேனாவுக்குக் கை நீட்டுகிறவள் அவள். எத்தனை காகிதத்தில் அப்படிக் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

அவள் என் கையிலிருந்து காகிதத்தை மெல்ல வாங்கினாள். வாங்கி மகளிடம் கொடுத்தாள். மகள் ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் படித்து, அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். என் வாக்குமூலத்தையும் அப்படியே படித்தாள். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் வந்தார் என்ற இடத்தில் அவள், அத இன்னொருவாட்டி படி என்றாள். மகள் படித்தாள்.

முடிவு இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. சீல் இல்லாத காகிதத்தையும் ஒரு கிழவியின் வாக்குமூலத்தையும் வைத்துக்கொண்டு இப்போதைய கேஸ் ஒர்க்கர் என்ன குறிப்பு எழுதுவார் என்று எனக்கே ஊகிக்க முடியவில்லை. ஆனால் அன்றைக்கு என் வீட்டில், கடைசி வரி வரை மகள் படித்து முடித்து, சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிய பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள். அதுவரை என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.